பிடித்திருக்கும் கைக்குத் தெரியும்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். அதாவது சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஆபீசில் யாரையும் இன்னும் அடிக்கவில்லை. நீயும் டீச்சரும் எப்படி இருக்கிறீர்கள்? தம்பி பெண்டாட்டியை டீச்சர் என்று கூப்பிடும் ஒரே நாத்தனார் நான்தான் என்று அவள் சொன்னாளாம். வகுப்பில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? போன தடவை வந்திருந்தபோது நீ இரண்டு முறை டம்ளரைக் கீழே போட்டாய். தூக்கம் போதவில்லையா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நாம் இரண்டு பேரும் போனில் கேமைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் யாராவது ஒருவர் பாதியில் வைத்துவிடுகிறோம். எழுதினால் சண்டை போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். தவிர, வெளிவராத கேமை இணையத்தில் அனுப்பக் கூடாது என்று ஆபீசில் உத்தரவு. அதனால்தான் கூரியரில் டிஸ்க்.

இதில் இருப்பது 'விளக்குக்காரி' மூன்றாம் பாகம். நீ ஆபீசை விட்டுப் போன பிறகு நான் தலைமையேற்றுச் செய்தது. அதே இருட்டுக் கட்டடம், அதே பெண், கையில் அதே விளக்கு. மாடி மாடியாக ஏறிக் கதவு திறக்க வேண்டும், விளக்கு துடித்தால் அசையாமல் நிற்க வேண்டும், அசைந்தால் இருட்டில் இருப்பது பின்னால் வந்து நின்றுவிடும். கத்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது. முதல் இரண்டு பாகத்திலும் அறைகளை வரைந்தவள் நான், அவளை நடக்கவைத்தவன் நீ. முதலில் தலை திரும்பும், அப்புறம் விளக்கு, கடைசியில் உடம்பு. அந்த ஒரு நொடியில்தான் ஊரே பயந்தது.

இப்போது வெளியில் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்று. மூன்றாவதில் அந்தப் பழைய உணர்வு இருக்குமா? எங்கள் முதலாளிக்கு அதுவும் கவலை இல்லை. (ஆபீசில் அவருக்கு அலாரம் என்று பெயர். எந்நேரமும் தேதியை நினைவுபடுத்திக்கொண்டே இருப்பார்.) "இந்தக் காலத்துல யாரும்மா இவ்ளோ மெதுவா நடப்பாங்க? அவளை ஓட விடு" என்கிறார். எனக்குக் கோபம் வந்து, "என் தம்பி விளையாடிப் பார்க்கட்டும். பழைய உணர்வு இருக்குன்னு அவன் சொன்னா அவ நடப்பா. இல்லன்னு சொன்னா நீங்க ஓட விட்டுக்குங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

உன் கோழிக்கிறுக்கலில் பக்கம் பக்கமாகத் திட்டி எழுது. அதற்குத்தான் காத்திருக்கிறேன்.

உன் அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். டீச்சருக்குப் பரீட்சைத்தாள் திருத்தும் காலம், அதனால் வீட்டில் நான் வாயைத் திறப்பதில்லை. கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புகிறேன் என்று கோபிக்காதே. என் கையெழுத்தைப் படித்துப் படித்துத்தான் உன் கண்ணாடி பவர் ஏறியது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

விளையாடினேன். நன்றாக இருக்கிறது. படிக்கட்டில் அவள் நிழல் அவளுக்கு முன்னால் ஏறுவது அருமை. விளக்குக் கண்ணாடியில் புகை படிந்திருப்பதைப் பார்த்தேன், அது உன் வேலையாகத்தான் இருக்கும். ஐந்தாம் மாடிச் சுவரின் நிறம் மட்டும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கிறது. இவள் யாருக்கோ பதில் சொல்லக் கிளம்பிப் போகிறவள் மாதிரி நடக்கிறாள். அதே நடை, அதே பயம். ஓட விட வேண்டாம்.

கடைகளுக்கு இணையப் பக்கம் செய்யும் வேலை போய்க்கொண்டிருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று ஆபீசில் டீ வாங்கிக் கொடுத்தேன். அலாரம் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். "அதே நடை, அதே பயம். இதை அப்படியே கேம் பெட்டி முகப்புல போடலாம். முதல் ரெண்டையும் செஞ்சவரே சொல்லிட்டாருன்னா யார் வாயைத் திறப்பா?" என்றார். ஓட்டப் பேச்சு அத்தோடு நின்றது. பெட்டிக்கு வடிவம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து மறுபடி படித்தபோது என்னவோ போலிருந்தது. முதல் பாகத்துக்கு நான் வரைந்த ஒரு கதவுக்காக மூன்று பக்கம் திட்டிய ஆள் நீ. இப்போது சுவரின் நிறம் பளிச்சென்று இருக்கிறதாம். அவ்வளவுதானா? 'யாருக்கோ பதில் சொல்லக் கிளம்பியவள்' என்று இவ்வளவு அழகாக எழுத நீ எப்போது கற்றுக்கொண்டாய்?

என் மேல் கோபமா? உன் நாற்காலியில் நான் உட்கார்ந்ததாக நினைக்கிறாயா? இருந்தால் எழுதிவிடு. நான் தாங்குவேன்.

தூக்கத்தைப் பற்றி நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. சரியாகத் தூங்குகிறாயா?

உன் அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். கோபமெல்லாம் இல்லை. நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அதற்கும் விசாரணையா? வயதாகிறது, திட்டிக் களைத்துவிட்டேன் என்று வைத்துக்கொள். பெட்டியில் என் வார்த்தையைப் போடாமல் இருந்தால் நல்லது. வெளியே போனவன் பேச்சு உள்ளே எதற்கு?

டீச்சர் உன்னை விசாரித்தாள்.

தம்பி


ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். தூக்கத்தைப் பற்றி நீ எழுதுவதில்லை என்பதால் நன்றாகத்தான் தூங்குகிறாய் என்று நானே எடுத்துக்கொள்கிறேன்.

உன் வார்த்தையைப் பெட்டியிலிருந்து எடுக்க அலாரம் சம்மதிக்கவில்லை. அச்சுக்குப் போக மே கடைசி வரை நேரம் இருக்கிறது. இதோடு புது டிஸ்க் அனுப்பியிருக்கிறேன். சின்னச் சின்னத் திருத்தங்கள்தான். அவள் நடப்பதையும் திரும்புவதையும் மட்டும் கவனித்துச் சொல். முதல் மாடி போதும், உன் நேரத்தை வீணாக்கவில்லை.

உன் அக்கா


மே 1

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கிறோம். வெயில்தான் வாட்டுகிறது, டீச்சருக்கு விடுமுறை.

பார்த்தேன். திரும்புவது பிரமாதம். தலை, விளக்கு, உடம்பு, மூன்றும் அந்தந்த நேரத்தில் வருகிறது. நான் செய்ததைவிட நன்றாக வந்திருக்கிறது. இதற்கு மேல் கையை வைத்துக் கெடுத்துவிடாதே. பழையது போலவே இருக்கிறது.

தம்பி


மே 6

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

அந்த இரண்டாவது டிஸ்கில் என்ன செய்திருந்தேன் தெரியுமா? பொத்தானை அழுத்துவதற்கும் அவள் அசைவதற்கும் நடுவே ஒரு தாமதத்தைச் செருகியிருந்தேன். திரையில் பார்க்கிறவனுக்கு எதுவும் தெரியாது. அவள் அதே அழகோடுதான் நடப்பாள். ஆனால் கண்ட்ரோலரைப் பிடித்திருக்கும் கைக்கு முதல் அடியிலேயே தெரியும், பசைக்குள் விரலை விட்ட மாதிரி இருக்கும். ஆபீசில் பிடித்துப் பார்த்த சத்தக்காரர் அரை நிமிஷத்தில் கீழே வைத்துவிட்டு, "என்னம்மா இது, செத்த எருமையை இழுக்கற மாதிரி இருக்கு" என்றார். அவர் ஒலிப்பதிவு செய்கிறவர், விளையாட்டே பிடிக்காதவர். அவருக்குத் தெரிந்தது. அந்த நடையை ஒவ்வொரு நொடியாகக் கையில் பிடித்துச் செதுக்கிய உனக்குப் பிரமாதமாக இருந்ததாம்!

நீ விளையாடவே இல்லை. முதல் தடவையும் விளையாடவில்லை. உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நிழல், புகை, நிறம். எல்லாம் கண்ணால் பார்ப்பது. கைக்குத் தெரிவது ஒன்றுகூட இல்லை. நெட்டில் யாரோ போட்ட படத்தைப் பார்த்தவன் எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறாய்.

பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். நேரமில்லை என்று சொல்லியிருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். பொய் சொன்னாய். உன் பொய்யை வாங்கி ஆபீஸ் நடுவில் நின்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். இப்போது அது பெட்டி முகப்பில் அச்சாகப் போகிறது. அதை வாங்குகிற ஒவ்வொருவரும் உன் வார்த்தையை நம்பி வாங்குவார்கள்.

இதற்குப் பதில் எழுதாதே.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் நலமாக இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் தம்பி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். எழுதாதே என்று சொல்லிப் பார்த்தார், அப்புறம் ஜன்னலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பரீட்சை வைத்தீர்கள். வைத்ததில் தப்பில்லை, நானும் தினமும் வைக்கிறவள்தான். ஆனால் அண்ணி, அந்தப் பரீட்சையை எழுதியது அவரில்லை, நான்.

அவருக்குக் கழுத்தில் ஒரு நரம்பு நசுங்கியிருக்கிறது. போன வருஷத்திலிருந்தே இருந்திருக்கிறது, டம்ளர் விழுந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. வலது கையில் கட்டைவிரலிலும் பக்கத்து இரண்டு விரலிலும் உணர்ச்சி கிடையாது. போன மாதம் ஆபரேஷன் முடிந்தது. வலி போய்விட்டது. உணர்ச்சி திரும்புமா என்று கேட்டதற்கு டாக்டர், "எதிர்பார்க்காதீங்க, வந்தா சந்தோஷப்படுங்க" என்று சொல்லிவிட்டார். இத்தனை கடிதங்களும் இடது கை ஒரு விரலால் அடித்தவை.

முதல் டிஸ்க் வந்தபோது அவர் விளையாடிப் பார்த்தார். பொத்தான் மேல் விரல் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. நிமிர்வதற்குள் விளக்குக்காரி செத்துப் போயிருந்தாள். கண்ட்ரோலரை சோபாவில் வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்விட்டார். வெகுநேரம் தண்ணீர் சத்தம் கேட்டது.

அப்புறம் என்னிடம் கொடுத்து, "நீ ஆடு, நான் பார்க்கறேன்" என்றார். நான் வாழ்க்கையில் அதைத் தொட்டதில்லை. எது தாமதம், எது சரி என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது டிஸ்கையும் நான்தான் ஆடினேன், பசையாக இருந்ததும் நீங்கள் சொன்ன திருத்தங்களில் ஒன்று போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அழகாக எழுதியிருக்கிறாயே என்று நீங்கள் சந்தேகப்பட்ட வரி இருக்கிறதே, அது நான் சொன்னது.

அவர் ஏன் மறைத்தார் என்று கேட்பீர்கள். இந்தக் கையால்தான் அக்காவுக்கு நான் வேண்டியவனாக இருந்தேன் என்றார். எனக்கு வந்த கோபத்தில் திருத்திக்கொண்டிருந்த பேப்பரைக் கிழித்துவிட்டேன். அந்தப் பையனுக்கு முழு மார்க் போட வேண்டியதாயிற்று.

இன்னொன்று. நான் விளையாடியபோது ஒவ்வொரு கதவுக்கும் கை வியர்த்தது. இரண்டு தடவை கத்திவிட்டேன். அவர் சிரித்தார், இந்த வருஷத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். "நீங்க ஏன் பயப்பட மாட்டேங்கறீங்க?" என்று கேட்டேன். "எனக்கு வழி தெரியுமே" என்றார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. பதில் எழுதுங்கள்.

டீச்சர்


ஜூன் 20

அன்புள்ள டீச்சருக்கும், பக்கத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கும்,

நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

கடிதத்தை ஆபீசில் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. சத்தக்காரர் ஒன்றும் கேட்காமல் அறைக்கதவைச் சாத்திவிட்டுப் போனார். டீச்சர், உன் கோபம் நியாயம். நானும் கோபமாகத்தான் இருக்கிறேன். டேய், உன் கையா எனக்குத் தம்பி? மடையா.

பெட்டி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே, மே மாதமே அலாரத்திடம் போய்விட்டேன். பேச்சு இப்படித்தான் போனது.

"அந்த வார்த்தையை எடுத்துடுங்க சார். என் தம்பி விளையாடல."

"விளையாடலன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப அவ ஓடுவா. உன் வாயால நீ சொன்னது."

"இன்னொரு தடவை அவன்கிட்ட கேட்கிறேன். இந்தத் தடவை அவன் இல்லன்னு சொன்னா ஓட விடுங்க, என் நாற்காலியையும் எடுத்துக்குங்க."

அலாரம் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெளியீட்டை அக்டோபருக்குத் தள்ளினார். வார்த்தையை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது நான் கொடுத்த வாக்குத்தான். அப்போது கோபத்தில் கொடுத்தது. பதில் எழுதாதே என்று சொன்னவனிடம் எப்படிப் போய்க் கேட்கப் போகிறேன் என்று தெரியாமலே கொடுத்தேன்.

டீச்சர், நீ எழுதியதில் ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். என்னவென்று இப்போது சொல்ல மாட்டேன்.

உங்கள் அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பரவாயில்லை. கழுத்து வலி இல்லை, ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்தில் போட்டிருந்த பட்டையைக் கழற்றியாயிற்று.

நீ என்ன யோசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். எனக்காகக் கேமை வளைக்கப் போகிறாய். செய்யாதே. ஒரு கை போனவனுக்காகச் செய்த கேம் என்று நாளைக்கு எவனாவது எழுதினால் எனக்குத் தாங்காது. உன் நாற்காலியும் போகும். அப்படி ஏதாவது அனுப்பினால் பொட்டலத்தைப் பிரிக்கவே மாட்டேன். கண்டிப்பாகச் சொல்கிறேன்.

வேறு ஆளிடம் கேள். எனக்கு இனி அது தெரியாது.

தம்பி


செப்டம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

நான் இளைத்துவிட்டேன், மற்றபடி சுகம். இரண்டு மாதமாக எழுதாததற்குக் காரணம் இந்தப் பொட்டலம்.

பிரிக்கமாட்டேன் என்றாய். அதனால் கடிதத்தைத் தனி உறையில் அனுப்புகிறேன், இதையாவது படி. உனக்காகச் செய்யவில்லை. "எனக்கு வழி தெரியுமே" என்று டீச்சரிடம் சொன்னாயே, அதற்காகச் செய்தேன். எங்கள் பழைய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் வழி தெரியும்டா. இரண்டு பாகத்தில் அவர்கள் விரல்கள் பழகிவிட்டன. மூன்றாவதில் அதே நடையைத் துளி மாறாமல் கொடுத்தேன், அவர்கள் அதைத் தூக்கத்தில் ஆடுவார்கள். எங்கே பயம் வரும்? அலாரம் ஓட விடச் சொன்னதும் அதனால்தான். அலுப்பு அவருக்குத் தெரிந்தது, மருந்துதான் தெரியவில்லை.

இந்தப் பாகத்தில் முதல் காட்சியிலேயே ஒரு கதவு விளக்குக்காரியின் வலது கையை நசுக்குகிறது. அதற்குப் பிறகு விளக்கு இடது கையில். எல்லாமே கண்ட்ரோலரின் இடது பக்கம், ஒரே கட்டைவிரல். வலது பக்கம் எதுவும் வேலை செய்யாது. (பிறவியிலேயே இடது கைக்காரர்களுக்கு மட்டும் திருப்பி வைத்திருக்கிறேன். அவர்களும் கஷ்டப்படட்டும்.) உன் நடை அப்படியே இருக்கிறது, தலை, விளக்கு, உடம்பு. பிடிக்கிற கைதான் புதிது. சத்தக்காரர் முதல் மாடியில் போட்ட கூச்சலில் அலாரம் அறையிலிருந்து ஓடிவந்தார்.

ஆனால் நான் நம்பத் தயாராக இல்லை. ஆபீசில் எல்லோரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். என்னிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட ஆள் நீ ஒருவன்தான், இனிச் சொல்லமாட்டாய். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். இல்லை என்றால் இல்லை என்று எழுது. அவள் ஓடட்டும், நான் வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன்.

டீச்சரை ஆடவிடாதே.

உன் அக்கா


செப்டம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோழிக்கிறுக்கல் என்று சொல்லாதே, கோழி கோபித்துக்கொள்ளும். நாங்கள் சுகம்.

பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை. டீச்சர் பிரித்தாள். டிஸ்கைப் போட்டு, கண்ட்ரோலரைச் சாப்பாட்டு மேசையில் என் தட்டு இருக்கும் இடத்தில் வைத்துவிட்டு ஸ்கூலுக்குப் போய்விட்டாள். தட்டை வேறு பக்கம் வைத்துச் சாப்பிட்டேன். அப்படியே பல நாள் போயிற்று. உன் மாதக் கடைசி நெருங்கியது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் துணி காயப்போடப் போன நேரத்தில் எடுத்துப் பிடித்தேன்.

சுவரில் முட்டினேன். படிக்கட்டில் ஏறத் தெரியாமல் இறங்கினேன். என் நடை, நான் செதுக்கியது, எனக்கே வரவில்லை. இரண்டாம் மாடியில் விளக்கு துடித்தது. நிற்க வேண்டும் என்று தெரியும், ஆனால் இந்தப் புது விரல் சொன்ன பேச்சு கேட்கவில்லை, ஒரு அடி கூடுதலாக எடுத்துவைத்துவிட்டது. எனக்குப் பின்னால் அது வந்து நின்றது. நான் போட்ட சத்தத்தில் டீச்சர் ஈரத்துணியோடு ஓடிவந்தாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. செத்துட்டேன்."

"நல்லது. மறுபடி போங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆனால் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அக்கா, முதல் இரண்டையும் செய்தவன் நான். எந்தக் கதவுக்குப் பின்னால் எது நிற்கிறது என்று அவற்றில் எனக்குத் தெரியும். ஒருமுறைகூட நான் பயந்ததில்லை. ஊரெல்லாம் பேசிய அந்த உணர்வு எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷமும் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. பழைய உணர்வு இருக்கிறதா என்று கேட்டாய். இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு முதல் தடவையாக வந்தது. அவளை ஓட விடாதே. இதைப் பெட்டியில் போட்டுக்கொள்ளச் சொல், பொய்யில்லை.

இனி குறைகளுக்கு வருகிறேன். மூன்றாம் மாடியில் விளக்கு கை மாறிய பிறகும் நிழல் பழைய பக்கமே விழுகிறது, எந்த மடையன் அதை விட்டான்? நீயா? நான்காம் மாடிக் கதவின் கைப்பிடியை வலது கைக்காரி திறக்கிற மாதிரி வரைந்திருக்கிறாய், இடது கைக்காரி எப்படித் திறப்பாள்? ஐந்தாம் மாடிச் சுவர் இன்னும் பளிச்சென்றுதான் இருக்கிறது, அதை டீச்சரும் சொல்கிறாள். இன்னும் எட்டுப் பக்கம் இருக்கிறது, தனியாக அனுப்புகிறேன், இப்போது முடியவில்லை. எழுதி எழுதிக் கை வலிக்கிறது. வலிப்பது நன்றாகத் தெரிகிறது அக்கா.

உன் தம்பி